கும்மிருட்டும் பதினைந்து விளக்குகளும்

என் வீட்டுக்காரருக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. அங்கே அணைப்பது போதாதென்று வீட்டுக்கு வந்தும் அணைப்பார். குளியலறையிலிருந்து துண்டு எடுக்க ஓர் அடி வெளியே வைத்தால் போதும், திரும்பும்போது உள்ளே இருட்டாக இருக்கும். சோப்பு நுரையோடு கதவைத் தட்டி, "உள்ளே ஆள் இருக்கேன்" என்று எத்தனை முறை கத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வீட்டில் எல்லாரும் தூங்கும்போது எந்த மெஷினும் ஓடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். ஃப்ரிட்ஜுக்கு மட்டும் விலக்கு. அதையும் அரைமனசாகத்தான் கொடுத்திருக்கிறார்.

மாடியில் அவருடைய அக்கா, அதாவது என் நாத்தனார் இருக்கிறார். நூலகத்தில் வேலை. தம்பிக்குக் 'கும்மிருட்டு' என்று பெயர் வைத்தவர் அவர்தான். இன்றைக்கும் மாடியிலிருந்து இறங்கும்போது, "கும்மிருட்டு இருக்கானா, வெளியே போயிட்டானா?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவார்.

இதைக் கஞ்சத்தனம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிறருக்குக் கொடுப்பதில் என் வீட்டுக்காரர் கை தாராளம். இது பயம். அணைக்க மறந்த ஒரு இஸ்திரிப்பெட்டியால் எரிந்துபோன வீட்டுக்குள் முதலில் போனவர் அவர். அதைப் பற்றி என்னிடம் ஒரே ஒரு முறைதான் பேசினார். அதனால் நானும் சோப்பு நுரையோடு கத்துவதோடு நிறுத்திக்கொள்வேன். அந்தச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கட்டப்போகும் வீடு கட்டி முடித்ததும் எப்படி இருக்கும் என்று கணினியில் படம் செய்து காட்டுவேன். கல்யாணத்துக்கு முன்னால் ஓர் அலுவலகத்தில் செய்துகொண்டிருந்தேன். அவருக்கு இடமாற்றம் வர, நானும் மூட்டை கட்டினேன். அப்புறம் பத்து வருடம் வீட்டில். இப்போது எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பொறியாளர் அம்மா அலுவலகம் வைத்திருக்கிறார். ஜன்னலோரம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதற்கு ஆள் தேடினார். மூன்று படம் செய்து காட்டுங்கள், பிடித்திருந்தால் நாற்காலி உங்களுக்கு என்றார். அந்த நாற்காலியில் உட்கார எனக்கு எவ்வளவு ஆசை என்று வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் அப்புறம் எல்லாரும் என்னைத் தேற்ற வருவார்களே, அது எனக்குத் தாங்காது.

படம் செய்வதில் கஷ்டமே விளக்குதான். நாம் வீட்டுக்குள் ஒரு விளக்கை வைத்துவிடலாம். அதன் வெளிச்சம் எந்தச் சுவரில் பட்டு, தரையில் எகிறி, எந்த மூலையில் போய் மங்குகிறது என்பதை ஒவ்வொரு புள்ளிக்கும் கணினிதான் கணக்குப் போட வேண்டும். ஒரு விளக்கு கூடினால் கணக்கும் கூடும். நடுவில் நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் மறுபடி முதலிலிருந்து. எங்கள் கூடத்து மூலையில் இருக்கும் கணினியோ, பெருக்கல் வாய்ப்பாடு மறந்துபோனது மாதிரி யோசிக்கும். இதோடு கும்மிருட்டுச் சட்டம் வேறு. காலையில் எழுந்ததும் ஆரம்பித்தால் இரவு தூங்கப் போவதற்குள் முடியும் படம் எதுவோ, அதைத்தான் நான் செய்யலாம்.

முதல் படத்தில் மூன்று விளக்குதான் வைக்க முடிந்தது. "யாரும் குடிவராத வீடு மாதிரி இருக்கே" என்றார் பொறியாளர் அம்மா. இரண்டாவதில் ஐந்து வைத்தேன். நேரம் போதாமல் படத்தின் தரத்தைக் குறைத்தேன். சுவரெல்லாம் மணலை வாரி இறைத்த மாதிரி வந்தது, ஒரு நாள் தாமதம் வேறு. அந்த அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். மெதுவாக, "ரொம்ப வருஷம் வீட்டுலேயே இருந்துட்டீங்க இல்ல, கை கொஞ்சம் மெதுவாயிடுச்சு போல" என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது என்பதுதான் கொடுமை.

மூன்றாவது படம் கடைசிப் படம். மாலை நேரத்து மாடி வீடு, எல்லா அறையிலும் விளக்கு. வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் வேண்டும். செவ்வாய்க்கிழமை காலையில் பதினான்கு விளக்கையும் வைத்துக் கணக்கை ஓடவிட்டேன். திரையின் கீழே மீதி நேரம் என்று ஒரு எண் வந்தது. அறுபத்தொரு மணி நேரம்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். தலைகீழாக நின்றாலும் நடக்காது. கணினியின் தலையில் ஒன்று போட்டேன், எனக்குத்தான் வலித்தது.

சத்தம் கேட்டு நாத்தனார் இறங்கி வந்தார். அந்த வாரம் அவர் நூலகத்தில் விடுப்பு எடுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், இருந்த இடத்திலேயே கைபேசியில் தேட ஆரம்பித்துவிட்டார். எந்தக் கேள்விக்கும் எங்கேயாவது யாராவது பதில் எழுதி வைத்திருப்பார்கள் என்பது அவர் கொள்கை. அரை மணி நேரத்தில் ஒரு பக்கத்தைக் கண்டுபிடித்தார். கணினியின் மூளையான பிராசஸருக்குள் 'கேச்' என்று ஒரு சின்ன நினைவிடம் இருக்கிறது, அதன் அமைப்பைச் சரிசெய்தால் கணினி பறக்கும் என்று போட்டிருந்தது.

முதல் யோசனை, கணினியின் உள்ளே எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு பட்டியலில் கேச் அளவை நாமே எண்ணாக எழுதுவது. நாத்தனார் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். அணைத்துப் போட்டு, படத்தை மறுபடி ஓடவிட்டேன். அறுபத்திரண்டு மணி நேரம் என்றது. அந்தப் பக்கத்தை எழுதிய மகராசன் கையில் கிடைத்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அவனுக்கு நல்ல பாடம் கற்பித்திருப்போம்.

"கீழே இன்னொண்ணும் போட்டிருக்கும்மா" என்றார் நாத்தனார். கணினி விழிக்கும்போதே ஒரு பட்டனை அழுத்தினால் அமைப்புகள் எல்லாம் உள்ள நீலத் திரை வருமாம். கேச் அங்கே திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். அழுத்தினோம், வந்தது. வெள்ளை எழுத்துகளை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டு போனோம். முதல் கேச், திறந்திருக்கிறது. இரண்டாவது கேச், மூடியிருக்கிறது.

அந்த வரியை மூன்று முறை படித்தேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் அம்மா சொல்வார்கள். அன்றைக்கு மூக்கு முழுக்க ஏறிவிட்டது. இந்தக் கணினியைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டிக் கொடுத்தது தெருமுனைக் கணினிக் கடை மெக்கானிக். நாளுக்கு நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர். நாங்கள் அவரை ஊமைக்கோட்டான் என்போம், அவர் காதில் விழாமல். பாதியை மூடி வைத்து என் தலையில் கட்டிவிட்டாரே என்று கொதித்துப்போய், கணினிப் பெட்டியைக் கழற்றி நாத்தனாரின் ஸ்கூட்டரில் மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் அந்த மனிதரை வெளுத்து வாங்கினேன். என் மூன்று படங்கள், நாற்காலி, பத்து வருடம், எல்லாம் வாயில் வந்தது. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. திருப்புளியை எடுத்தார், பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார், அதன் உள்பக்கத்தை என் முகத்துக்கு நேரே திருப்பிக் காட்டினார்.

அங்கே ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. தன் கடையை விட்டுப் போகும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும், அது எந்த நிலையில் போகிறது என்று எழுதி ஒட்டுவது அவர் வழக்கமாம். பேசிச் சலித்துத்தான் இந்த ஏற்பாடு போலிருக்கிறது. தேதி, கையெழுத்து, அதற்கு மேலே குண்டு குண்டான எழுத்தில்: முதல் கேச் திறந்திருக்கிறது. இரண்டாவது கேச் திறந்திருக்கிறது.

என் முகத்தில் ஈயாடவில்லை.

"வீட்டுல வேற யாராவது தொட்டாங்களா?" என்றார் அவர். அன்றைய நாலு வார்த்தையும் அதிலேயே முடிந்துவிட்டது.

நானும் நாத்தனாரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்கள் வீட்டில் எதையாவது மூடக்கூடிய ஆள் யார் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. நாத்தனாருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. கடை மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து எது முந்துவது என்று தெரியாமல் நின்றேன். மெக்கானிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, விசிறியில் அடைத்திருந்த தூசியை எடுத்தார். ஒரு தலையணைக்குப் போதும், அவ்வளவு இருந்தது. பிராசஸருக்குப் புதுப்பசை தடவினார், இரண்டாவது கேச்சைத் திறந்தார், சீட்டில் அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்து வைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் நேருக்கு நேர் உட்கார்ந்திருக்க, எங்கள் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் போகிற போக்கில் அணைத்தார். சட்டையைக் கழற்றுமுன் கேட்டுவிட்டேன், கணினியில் ஏதாவது தொட்டீர்களா என்று.

"ஆமா" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. "ஒன்றரை வருஷம் இருக்கும். பெட்டி தொட்டா சுட்டுச்சு. விழிக்கும்போதே பட்டனை அழுத்தி உள்ளே போய்ப் பார்த்தேன். ஒரே பேர்ல ரெண்டு இருந்துச்சு. எதுக்கு ரெண்டு, ஒண்ணு போதும்னு அணைச்சிட்டேன். அதுக்கப்புறம் சூடு குறைஞ்சுதா இல்லையா?"

சூடு குறைந்தது வாஸ்தவம்தான். வேலையே செய்யாதவனுக்கு எப்படி வேர்க்கும்?

நான் கத்தப்போகிறேன் என்று நாத்தனார் தயாராக நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எனக்கே ஆச்சரியமாக, குரல் எழும்பவில்லை. "இத்தனை நாளா நான்தான் மெதுவாயிட்டேன்னு நினைச்சிட்டிருந்தேங்க" என்றேன். "பத்து வருஷம் சும்மா இருந்ததுல என் கையும் புத்தியும் துருப்பிடிச்சுப் போச்சுன்னு நினைச்சேன். அந்த அம்மா சொன்னப்போகூட நம்பித் தலையாட்டிட்டு வந்தேன்."

அவர் சட்டையைப் பாதி கழற்றியபடியே உட்கார்ந்தார். கேச் என்றால் என்ன என்று கேட்டார். நாத்தனார் கைபேசியிலிருந்து வாசித்துக் காட்டினார். பிராசஸர் அடுத்தடுத்துக் கேட்கும் தகவலைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் இடம், முதலாவது மிகச் சின்னது, இரண்டாவது அதைவிடப் பெரியது, இரண்டிலும் இல்லாவிட்டால்தான் தூரத்திலுள்ள பெரிய நினைவகத்துக்குப் போகும் என்று இருந்தது. அவர் அதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். 

"முதலாவது கையில இருக்கிற வாளி" என்றார். "ரெண்டாவது எங்க வண்டியில இருக்கிற தண்ணித் தொட்டி. அந்தப் பெரிய நினைவகம் ஏரி. நான் வண்டித் தொட்டிய மூடிட்டு, ஒவ்வொரு வாளிக்கும் உன்னை ஏரிக்கு ஓட வெச்சிருக்கேன்."

இதைச் சொன்னபோது அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. வண்டித் தொட்டியை மூடி வைப்பதைவிடப் பெரிய குற்றம் அவர் நிலையத்தில் கிடையாது. எழுந்து வாசலுக்குப் போனார், தொலைபேசியில் யாரிடமோ பேசினார், திரும்பி வந்து, நாளைக்குத் தனக்கு விடுப்பு என்று மட்டும் சொன்னார்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு அவரும் நானும் கணினி முன்னால் உட்கார்ந்தோம். ஓடவிடுவதற்கு முன் விளக்குகளை ஒரு முறை சரிபார்ப்பது என் வழக்கம். ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போனேன். கூடத்தில் இரண்டு, சமையலறை, படுக்கையறை, மேல் மாடம். அவர் கை அவர் மடியிலேயே நெளிந்துகொண்டிருந்தது.

"அந்த ரூம்ல யாரு இருக்காங்க?"

யாரும் இல்லை என்றேன்.

"இதுல?"

அதிலும் யாரும் இல்லை, முழு வீட்டிலும் ஒரு ஈ காக்கை கிடையாது என்றேன். எச்சில் விழுங்கினார். ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஆளில்லாத வீட்டில் பதினான்கு விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா உட்கார்ந்திருந்ததை அவர் நிலையத்து ஆட்கள் பார்த்திருந்தால் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

நான் பட்டனை அழுத்தப்போகும்போது திரையை நெருங்கிப் பார்த்தார். "மாடிப்படிக்குக் கீழே ஒண்ணு இல்லையே" என்றார்.

வரைபடத்தில் அங்கே விளக்கு இல்லை என்றேன்.

"வேணும். இறங்கி வர்றவங்களுக்குக் கடைசிப் படிதான் தெரியாது. அவசரத்துல எல்லாரும் அங்கேதான் விழுவாங்க. நான் தூக்கியிருக்கேன். ஒண்ணு வை."

அவர் வாயிலிருந்து 'ஒண்ணு வை' என்று வந்ததை என் காதால் கேட்டேன். மாடியிலிருந்த நாத்தனாரை உடனே கூப்பிட்டுச் சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கடைசிப் படிக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், ஒரு சின்ன விளக்கை வைத்தேன். பதினைந்து ஆனது. ஓடவிட்டேன். திரையின் கீழே எண் வந்தது. பதின்மூன்று மணி நேரம்.

நேற்றாக இருந்தால் பதின்மூன்று மணி நேரத்தில் ஒரு கூடத்தைக்கூட முடித்திருக்க முடியாது. இன்றைக்கு முழு வீடும் இரவுச் சாப்பாட்டுக்குள் வந்துவிடும். நான் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன். அவர் எழுந்துபோய் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மற்ற எல்லாவற்றையும் அணைத்தார், ஃப்ரிட்ஜையும் சேர்த்து. மின்சாரத்துக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றார். நாத்தனார் எங்கள் பாலையும் காய்கறியையும் கூடையில் போட்டுக்கொண்டு தன் ஃப்ரிட்ஜுக்கு எடுத்துப் போனார். நிலையத்திலிருந்து கொண்டுவந்த சின்னத் தீயணைப்பானைக் கணினிக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் சமைத்தேன், துணி மடித்தேன், அரை மணி நேரம் தூங்கக்கூடச் செய்தேன். எப்போது எட்டிப் பார்த்தாலும் மனிதர் அங்கேயே இருந்தார். பெட்டியைப் புறங்கையால் தொட்டுச் சூடு பார்ப்பார், திருப்தியாகத் தலையாட்டுவார்.

படம் மேலிருந்து கீழாக வரி வரியாக வந்தது. மத்தியானத்துக்குள் மாடி வந்துவிட்டது. நாலு மணிக்குக் கூடம். கடைசியில் ஏழு மணிக்கு மேல் மாடிப்படியின் அடி வந்தது. அந்தச் சின்ன விளக்கின் வெளிச்சம் படியின் விளிம்பில் பட்டுத் தரையில் மெல்லப் பரவியிருந்தது. யாரோ இப்போதுதான் இறங்கிப் போன மாதிரி இருந்தது. எவ்வளவு அழகாக இருந்தது என்று நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன், ரொம்ப அழகாக இருந்தது. நாத்தனார் தம்பியின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கே பொறியாளர் அம்மாவின் மேசையில் படத்தை விரித்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார்.  அப்புறம் அவர் விரல் நேராக மாடிப்படிக்குக் கீழே போய் நின்றது.

"இது என் வரைபடத்துல இல்லையே?"

இல்லை, என் வீட்டுக்காரர் வைக்கச் சொன்னார் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். அந்த அம்மா பென்சிலை எடுத்துத் தன் வரைபடத்தில் அதே இடத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டார். அப்புறம் ஜன்னலோர நாற்காலியைக் காட்டி, அது கொஞ்சம் ஆடும், திங்கட்கிழமைக்குள் சரிசெய்து வைக்கிறேன் என்றார். சும்மா இல்லாமல் நான், என் கை மெதுவாகவில்லை, கேச்தான் மூடியிருந்தது என்றும் சொல்லிவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தால் போதும்.

உடனே நாத்தனாருக்கு போன் போட்டேன். அந்த அம்மா வேலை விவரமெல்லாம் பேசி என்னை அனுப்பும்போது மணி பன்னிரண்டரை. அப்புறம் இரண்டு தெருவையும் எப்படிக் கடந்தேன் என்று தெரியாது. உச்சி வெயில். கண்ணைச் சுருக்கிக்கொண்டு எங்கள் தெருவில் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. ஒன்று இரண்டு இல்லை. வாசல் விளக்கு, கூடத்து விளக்குகள், சமையலறை, படுக்கையறை, ஆளில்லாத குளியலறை, மாடியில் நாத்தனார் பகுதி உட்பட மொத்த வீடும், பட்டப்பகலில். எதிர்வீட்டுக்காரர் வெளியே வந்து நின்று, என்ன ஆபத்தோ என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் என் வீட்டுக்காரர் சீருடையோடு நின்றிருந்தார். அக்கா சொன்னதும் நிலையத்திலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்திருக்கிறார். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது. பின்னால் நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"எல்லாம் உனக்காகத்தான்" என்றார் அவர். "அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல என்னால முடியாது."

நான் உள்ளே போய், எரிகிற விளக்கையெல்லாம் அறை அறையாகப் பார்த்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், சுவிட்சுப் பக்கம் போகாமல் இருப்பதற்காகவும் இருக்கலாம். கூடத்துக் கடிகாரம் அங்கிருந்தே தெரிந்தது. ஏழு நிமிடம் எரிந்தது.